சாயங்காலத்துக்கு வைத்த சீட்டு

அந்தச் சலவைக்கூடத்தில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆள் கிடையாது. எல்லோருக்கும் அவர் கறைக்காரர். புதிதாகக் கேட்பவர்களுக்கு ஏதோ வைவது போல இருக்கும். அவருக்கு அதில் உள்ளூரப் பெருமைதான். துணி துவைக்க ஆயிரம் பேர் இருப்பார்கள், தேய்க்கவும் இருப்பார்கள். ஒரு கறையைப் பார்த்த மாத்திரத்தில் இது இன்ன பொருள், இத்தனை நாள் பழசு, இதை ஏற்கெனவே எவனோ வெந்நீர் ஊற்றிக் கெடுத்திருக்கிறான் என்று சொல்லத் தன்னை விட்டால் ஆள் இல்லை என்பது அவர் எண்ணம். அந்த எண்ணத்தில் தப்பும் இல்லை.

முன்பக்கம் கண்ணாடிக் கதவு, மேசை, மணி. வாடிக்கையாளர்கள் அதோடு சரி. ஒரு திரையைத் தாண்டினால் துவைக்கும் இயந்திரங்கள், அதற்குப் பின்னால் இஸ்திரி மேசைகள், நீராவி, இரைச்சல். எல்லாவற்றையும் தாண்டிக் கடைக்கோடியில், ஒரே ஒரு ஜன்னலுக்குப் பக்கத்தில், தகடு அடித்த மேசை ஒன்று. அதுதான் அவர் இடம். மேசைமேல் எழுதி ஒட்டாத ஏழெட்டுப் புட்டிகள். எதில் என்ன இருக்கிறது என்பது அவருக்கும் மூக்குக்கும் மட்டும் தெரியும். மூன்று தூரிகைகள், அதில் ஒன்று பழைய பல் துலக்கும் பிரஷ். அவ்வளவுதான் சொத்து.

முதலில் இயந்திரத்தில் துணி திணிக்கும் வேலைக்குத்தான் வந்தார். ஒரு நாள் முதலாளியின் கோட்டில் தார் ஒட்டிக்கொண்டது. ஆளாளுக்கு உச்சுக் கொட்டிக்கொண்டு நின்றபோது இவர் போய் யாருடைய சாப்பாட்டு டப்பாவிலிருந்தோ ஒரு விரல் வெண்ணெய் வழித்து வந்து, தேய்த்து, தாரை எடுத்துவிட்டார். அன்றைக்கு இந்த மேசைக்கு வந்தவர்தான். இருபத்திரண்டு வருஷம் ஆகிறது.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வேண்டாம் என்று வைராக்கியம் எல்லாம் இல்லை. தங்கச்சிக்கு முடியட்டும் என்றார்கள், முடிந்தது. அம்மாவுக்கு உடம்பு சரியாகட்டும் என்றார், ஆகவில்லை. அம்மா போனபோது அவருக்கு நாற்பத்திரண்டு. அதற்கப்புறம் யார் பெண் பார்ப்பது? தங்கச்சி வேறு ஊரில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் தவறாமல் போன் செய்வாள். "சாப்பிட்டியா அண்ணா? மாத்திரை போடறியா? சரி, இவரு கூப்பிடறாரு, வெச்சிடறேன்." பாசம் இல்லை என்று சொல்ல முடியாது. இரண்டு நிமிஷப் பாசம்.

அம்மா போன வருஷம்தான் அவர் எழுத ஆரம்பித்தார். சலவைக்கூடத்தில் அச்சடித்த சீட்டுகள் உண்டு. 'முயன்றும் போகாத கறை. நிர்வாகம் பொறுப்பல்ல' என்று இருக்கும். போகாத கறை உள்ள துணியில் குண்டூசியால் அதைக் குத்தி அனுப்ப வேண்டும். நம்மாளிடம் போகாத கறை வருஷத்துக்கு நாலோ ஐந்தோதான். மிச்சச் சீட்டுகள் கட்டுக் கட்டாகக் கிடந்தன. பின்பக்கம் வெள்ளையாகத்தானே இருக்கிறது என்று எழுதினார். 'காப்பிக் கறை போய்விட்டது. இனிமேல் கொட்டினால் தேய்க்காதீர்கள், ஒற்றி எடுங்கள்.' 'மூன்றாவது பொத்தான் விழுகிற நிலையில் இருந்தது, தைத்துவிட்டேன்.' 'இந்தத் துணியை வெயிலில் போடாதீர்கள், பாவம்.' வீட்டில் பேச்சுத் துணைக்கு ஆள் இல்லாதவர், முகம் தெரியாத துணிக்காரர்களிடம் பேசிக்கொண்டார். வேறொன்றும் இல்லை.

அந்தச் சீட்டுகளை யாராவது படித்தார்களா? அதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு நாள் முன்மேசைக்குப் போனவர் கண்ணில் குப்பைக்கூடை பட்டது. அதில் பாதிக்குமேல் அவர் கையெழுத்து. முன்மேசையில் இருக்கிற பெண், பத்து வருஷப் பழக்கம், சங்கடத்தோடு சிரித்தாள்.

"குண்டூசி குத்திடும்னு நானே எடுத்துடறேன் அண்ணா. சிலர் அவங்களே பிச்சுப் போட்டுட்டுப் போறாங்க. எல்லாருக்கும் அவசரம்."

"பரவால்லம்மா. குண்டூசியாவது திரும்பக் கிடைக்குதே," என்றார்.

வேறு யாராவது என்றால் அன்றோடு நிறுத்தியிருப்பார்கள். இவர் நிறுத்தவில்லை. முன்மேசைப் பெண்ணும் அன்றிலிருந்து சீட்டைப் பிய்ப்பதில்லை, துணியோடு சேர்த்தே கட்டிக் கொடுத்தாள். அது அவள் பங்குக்குச் செய்த நல்ல காரியம். அதைப் பற்றி அவள் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

அங்கே ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஓர் எண் உண்டு. காலருக்குள் அழியாத மையில் எழுதியிருக்கும். கறைக்காரருக்கு ஆட்கள் தெரியாது, எண்கள்தான் தெரியும். எழுபத்தெட்டு எப்போதும் குழம்பு கொட்டிக்கொள்ளும். இருநூற்று மூன்று புது மோகக்காரர், மாதம் ஒரு புதுத் துணி. நானூற்றுப் பதினேழு என்றால் வெளிர்நீலச் சட்டைகள், பதினைந்து நாளுக்கு ஒரு தடவை ஆறு. ஒரு தடவை அந்தச் சட்டை ஒன்றின் பையில் நாலாக மடித்த தாள் இருந்தது. பையில் கிடைப்பதை உறையில் போட்டு முன்மேசைக்கு அனுப்புவதுதான் வழக்கம். ஆனால் இந்தத் தாளின் மேல், பென்சிலில், 'கறை எடுப்பவருக்கு' என்று எழுதியிருந்தது.

'காலர் பொத்தானைத் தைத்ததற்கு நன்றி. ஆறு மாதமாக ஆடிக்கொண்டிருந்தது. வீட்டில் யாருக்கும் தைக்கத் தோன்றவில்லை.'

நின்ற இடத்திலேயே ஆறு தடவை படித்தார். காது மடல் சூடாகிவிட்டது. பத்து வருஷத்தில் வந்த முதல் பதில். தலைகால் புரியவில்லை, எந்தப் புட்டியை எடுக்கிறோம் என்று தெரியாமல் ஒரு பட்டுத் துணியைக் கெடுக்கப் பார்த்தார். ஆனால் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது மனசு வெறிச்சென்று இருந்தது. படித்தாகிவிட்டது, முடிந்துவிட்டது, சாயங்காலம் மட்டும் வழக்கம் போல அப்படியே கிடந்தது.

அதனால் அடுத்த சீட்டு வந்தபோது அவர் அதைப் பிரிக்கவில்லை. தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். நாள் முழுக்க வேலைக்கு நடுவே பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். வீட்டுக்குப் போய், கை கால் கழுவி, டீ போட்டு, ஜன்னலோரம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முதல் வாய் குடித்த பிறகுதான் பிரித்தார். ஜன்னலுக்கு வெளியே அடுத்த கட்டடத்தின் சுவர்தான். அன்றைக்கு அதுகூட நன்றாக இருந்தது.

அதிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. வந்த சீட்டைப் பிரிக்காமல் வைத்திருப்பதில் என்ன சுகமோ, எனக்குத் தெரியாது. எனக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. ஒத்தையாக இருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்: வீட்டுக்குப் போக ஒரு காரணம் வேண்டியிருக்கிறது.

இரண்டு வருஷம் இப்படிப் போயிற்று. பெரிதாக ஒன்றும் எழுதிக்கொள்ளவில்லை. 'முழங்கைக் கிழிசல் எங்கே என்றே தெரியவில்லை.' 'மழை நாளில் சட்டைக்கு என்ன வாசனை இது?' 'உங்கள் யோசனைப்படி ஒற்றி எடுத்தோம், போய்விட்டது.' ஆனால் அவர் மனசுக்குள் ஓர் ஆள் உருவாகிவிட்டார். வலது கை மணிக்கட்டுப் பட்டை தேய்ந்திருப்பதால் மேசையில் எழுதுகிற உத்தியோகம். யோசிக்கும்போது இடது முழங்கையை ஊன்றுவார். டீயை அவசரமாகக் குடிப்பார். பேனாவில் அசட்டை. நல்ல மனுஷன். நம்மாள் அந்த ஆளிடம் மனசுக்குள் பேசிக்கொண்டே டீ குடித்தார். "நம்ம நானூத்திப் பதினேழு," என்று சொந்தக்காரர் மாதிரிச் சொல்லிக்கொண்டார்.

ஒரு தடவை ஆறு சட்டையும் இரண்டு பக்கமும் பிடித்துத் தைக்கப்பட்டு வந்தன. இவருக்கு விளையாட்டுத் தோன்றியது. 'இளைத்துவிட்டீர்கள் போல. நல்லது. எனக்கும் அந்த ரகசியத்தைச் சொல்லுங்கள்' என்று எழுதிக் குத்தி அனுப்பினார்.

அதற்குப் பதில் வரவில்லை. பதினைந்து நாள் ஆயிற்று, ஒரு மாதம் ஆயிற்று, சட்டைகளும் வரவில்லை. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருப்பார்கள், கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லையே என்று தன்னைத்தானே நொந்துகொண்டார். யாரோ ஒருத்தரின் உடம்பைப் பற்றி எழுத நமக்கு என்ன உரிமை? வேறு சலவைக்கூடத்துக்கு மாறிவிட்டார் என்றே நினைத்தார். சாயங்காலங்களில் டீ ஆறிப் போயிற்று. இப்படி நாலு மாதம்.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை காலை, துணிக் குவியலுக்கு நடுவே வெளிர்நீலம் தெரிந்தது. ஒரே ஒரு சட்டை. காலரைத் திருப்பினார். நானூற்றுப் பதினேழு. பைக்குள் கையை விட்டார். நாலாக மடித்த தாள்.

அந்தச் சந்தோஷத்தை எப்படிச் சொல்வது? ஐம்பத்து நாலு வயசு ஆள், ஜன்னல் பக்கம் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். கோபித்துக்கொள்ளவில்லை, திரும்பி வந்துவிட்டார். தாளைப் பிரிக்கவில்லை. வழக்கம் போலத் தன் பையில் வைத்துக்கொண்டார். நாலு மாதம் கழித்து வந்தது, இதைப் போய் இங்கே நின்றுகொண்டு படிப்பதா?

சட்டையை மேசையில் விரித்தார். ஆஸ்பத்திரி வாடை அடித்தது. ஓ, உடம்புக்கு முடியாமல் இருந்திருக்கிறார், அதனால்தான் வரவில்லை என்று நினைத்துக்கொண்டார். பையின் அடியில் நீல-கறுப்பு இங்க் கறை. ஒன்றல்ல, இரண்டு. ஒன்று பழசு, வீட்டு சோப்பில் துவைத்து வெயிலில் காய்ந்து நூலோடு நூலாகப் போயிருந்தது. அது போகிற கறை இல்லை. அச்சடித்த சீட்டு எதற்கு இருக்கிறதோ அதற்கென்றே வந்த கறை.

எடுத்துக் காட்டுகிறேன் பார் என்று உட்கார்ந்தார். பையின் அடியில் வெள்ளைத் துணியை மடித்து வைத்து, ஓரத்திலிருந்து நடுவுக்கு, சொட்டுச் சொட்டாக. ஒரு புட்டி, தண்ணீர், இன்னொரு புட்டி, தண்ணீர். அடித்துணி நீலமாக, வேறு துணி. அதுவும் நீலமாக, இன்னொன்று. மத்தியானம் சாப்பிடவில்லை. இஸ்திரி போடுகிறவர் வந்து எட்டிப் பார்த்து, "யாரு வீட்டுச் சட்டை, இவ்வளவு சேவை?" என்று கேட்டார். "வேண்டியவங்க," என்றார். நாலு மணி நேரம் கழித்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கறை இருந்த இடமே தெரியவில்லை. வாழ்க்கையில் அவர் செய்த வேலைகளிலேயே அது உசத்தி. யாரிடமும் கொடுக்காமல் தானே துவைத்து, தானே தேய்த்து, மடித்து, சீட்டு எழுதிக் குத்தினார். 'உடம்பு தேவலையா? பையிலிருந்த கறை இரண்டும் சுத்தமாகப் போய்விட்டன. நீங்கள் கேட்காமலே செய்தேன். அடுத்த தடவை பேனா மூடியை நன்றாகத் திருகுங்கள்.'

வீட்டுக்குப் போனார். டீ போட்டார். முதல் வாய் குடித்தார். தாளைப் பிரித்தார்.

'கறை எடுப்பவருக்கு. இதுவரை உங்களுக்கு எழுதிக்கொண்டிருந்தது நான்தான், சட்டைக்காரர் இல்லை. அவர் என் வீட்டுக்காரர். அவர் போய் ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. மற்றச் சட்டைகளைக் கொடுத்துவிட்டேன். இது ஆஸ்பத்திரியில் கடைசியாகப் போட்டிருந்தது. வாடை மட்டும் போனால் போதும். பையில் இருக்கும் இங்க் கறையைத் தயவுசெய்து தொட வேண்டாம். அது அப்படியே இருக்கட்டும்.'

இரண்டாம் தடவை படிக்க முடியவில்லை. அவருக்கு அந்த மனுஷனைப் பார்த்துப் பழக்கம் இல்லை, குரல் தெரியாது, ஒரு வரிகூட அவர் எழுதவில்லை என்று இப்போது தெரிகிறது. ஆனாலும் செத்துப் போனது தன் வீட்டு ஆள் மாதிரி இருந்தது. அதைவிட மோசம், கடைசியாக மிச்சமிருந்ததைத் தன் கையாலேயே ஓரத்திலிருந்து நடுவுக்கு, நாலு மணி நேரம், சாப்பிடாமல் உட்கார்ந்து அழித்திருக்கிறார். அத்தனை நேரமும் 'தொட வேண்டாம்' என்கிற தாள் நெஞ்சுக்கு நேரே பைக்குள் இருந்தது. காலையில் பிரித்திருந்தால் பத்து வினாடி ஆகியிருக்கும்.

மறுநாள் கதவு திறப்பதற்கு முன்பே போய் வாசலில் நின்றார். முன்மேசைப் பெண் சாவியோடு வந்தவள் அவர் முகத்தைப் பார்த்துப் பயந்துவிட்டாள். நடந்ததைச் சொன்னார். அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"அண்ணா, தப்பா எடுத்துக்காதீங்க. அந்தக் கறை எப்படி இருந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியும்ல?"

"கண்ண மூடிட்டு வரைவேன்."

"அப்ப ஒரு இங்க் பேனா எடுத்து வெச்சுடுங்க. அந்தம்மாவுக்கும் நிம்மதி, உங்களுக்கும் நிம்மதி. யாருக்குத் தெரியப் போகுது?"

அவர் அதை ஏற்கெனவே விடிய விடிய யோசித்தாகிவிட்டது. முதலாளி மேசையிலிருந்து மைப் பேனாவை எடுத்துக்கொண்டு பின்னால் போனார். சட்டையில் வைப்பதற்கு முன் அதே நிறத் துண்டுத் துணி ஒன்றில் வைத்துப் பார்த்தார். முதல் கறை, சோப்பு, சூடான இஸ்திரி, மறுபடி சோப்பு. பிறகு இரண்டாவது. கறை எடுக்கத் தெரிந்தவருக்கு வைக்கவும் தெரியும். அரை மணியில் அச்சு அசலாக அதே கறை துண்டுத் துணியில் வந்து உட்கார்ந்தது. சட்டையில் வைத்தால் பெற்ற தாய்க்குக்கூட வித்தியாசம் தெரியாது.

அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த அம்மா ராத்திரியில் எடுத்துத் தொட்டுப் பார்ப்பார். புருஷனைத் தொடுகிறோம் என்று நினைத்துக்கொண்டு தொடுவார். அங்கே இருக்கப் போவது யார்? இந்தக் கிறுக்கன். வருஷக் கணக்கில் அந்த அம்மா தன்னைத் தொட்டுக்கொண்டு அழுவார் என்று நினைத்தபோது அவருக்கு உடம்பு கூசியது. துண்டுத் துணியைக் கசக்கிக் குப்பையில் போட்டார். குத்தியிருந்த சீட்டையும் எடுத்துக் கிழித்துப் போட்டார்.

"அந்தம்மா வந்தா என்னைக் கூப்பிடும்மா," என்று முன்மேசையில் சொல்லிவிட்டு வந்தார்.

பதினோரு மணிக்குக் கூப்பிட்டாள். திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தார். இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு வாடிக்கையாளரை நேருக்கு நேர் பார்த்ததில்லை. ஐம்பது வயசு இருக்கும், ஒடிசலாக, தலையை அவசரமாக வாரியிருந்த ஓர் அம்மா. இவரைப் பார்த்ததும் லேசாகச் சிரித்தார்.

"நீங்கதானா? நான் இன்னும் வயசானவரா நெனச்சிருந்தேன்."

அந்தச் சிரிப்புதான் அவரை ரொம்பக் கஷ்டப்படுத்தியது.

"அம்மா, ஒரு பெரிய தப்புப் பண்ணிட்டேன். கறை போயிடுச்சு. நான்தான் எடுத்தேன்."

அந்த அம்மாவுக்குப் புரியச் சற்று நேரம் ஆயிற்று. மடித்திருந்த சட்டையைப் பிரித்தார். பையை விரலால் தடவினார். உள்பக்கம் திருப்பிப் பார்த்தார். முன்மேசைப் பெண் ஏதோ வேலை இருப்பது போலத் திரைக்குப் பின்னால் போய்விட்டாள்.

"எழுதியிருந்தேனே," என்றார் அந்த அம்மா. "பையிலதான வெச்சேன். கெடைக்கலையா?"

'கிடைக்கவில்லை' என்று ஒரு வார்த்தை. அதோடு முடிந்துவிடும். இயந்திரத்தில் போயிருக்கும், யாரோ தொலைத்திருப்பார்கள்.

"கெடச்சுது. படிக்கல."

"ஏன்?"

"உங்க சீட்ட நான் இங்க படிக்கறது இல்லம்மா. வீட்டுக்கு எடுத்துட்டுப் போயி, சாயங்காலம் டீ குடிக்கும்போது படிப்பேன். வீட்ல வேற யாரும் இல்ல. வேற எதுவும் வர்றதும் இல்ல. பிரிச்சுட்டா தீந்துடும்னு வெச்சிருப்பேன். நேத்தும் அப்படித்தான் வெச்சிருந்தேன்."

அந்த அம்மா அவரையே பார்த்தார். கண் கலங்கியது, ஆனால் அழவில்லை. கத்தியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"இளைச்சுட்டீங்கன்னு ஒண்ணு எழுதியிருந்தீங்க."

"ஐயோ அம்மா, தெரியாம..."

"நான் அவர்கிட்ட மறைக்கத்தான் பாத்தேன். கையில இருந்து புடுங்கிப் படிச்சாரு. உங்க சீட்டெல்லாம் எப்பவும் நான்தான் அவருக்குப் படிச்சுக் காட்டுவேன். அத மட்டும் அவரே படிச்சாரு. படிச்சுட்டு அப்படி ஒரு சிரிப்பு. அந்த மாசத்துல அவரு சிரிச்சது அது ஒண்ணுதான். ரகசியத்த எழுதிப் போடட்டுமான்னு கேட்டாரு. நான்தான் வேணாம்னுட்டேன்."

இவர் எழுதியதை ஒரு வீட்டில் உட்கார்ந்து இரண்டு பேர் படித்திருக்கிறார்கள். அதைத் தெரிந்துகொள்ள இப்படி ஒரு நாள் வர வேண்டியிருந்தது.

அந்த அம்மா மறுபடி பையைத் தடவினார். "எவ்வளவு நேரம் ஆச்சு எடுக்க?"

"நாலு மணி நேரம்."

"நாலு மணி நேரமும் அதையே பாத்துட்டு இருந்தீங்க."

"ஆமாம்மா."

"நான் அவ்வளவு நேரம் பாக்கல. பாத்தா அழுகை வருதுன்னு மடிச்சு வெச்சுட்டேன். அப்புறம் பாத்துக்கலாம்னு." சட்டையை அவரை நோக்கித் தள்ளினார். "எப்படி இருந்துச்சு? சொல்லுங்க."

அவர் சட்டையைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு விரலால் காட்டினார். சொல்ல ஆரம்பித்ததும் குரல் சரியாகிவிட்டது. இது அவருக்குத் தெரிந்த விஷயம்.

"ரெண்டு கறை இருந்துச்சும்மா. மொதலாவது இங்க, இடது மூலையில. பட்டாணி அளவு, ஒரு பக்கம் வாலு மாதிரி மேல இழுத்திருந்துச்சு. பேனாவத் தலைகீழாப் போட்டிருக்காரு. கசிஞ்சதும் வெடுக்குனு வெளிய எடுத்திருக்காரு, அதான் அந்த வாலு. இத நீங்க வீட்ல ரெண்டு தடவ சோப்புப் போட்டுத் துவைச்சிருக்கீங்க."

"ஆமா. திட்டிட்டே துவைச்சேன்."

"துவைக்கறதுக்கு முன்னாடி அவரே சரிபண்ணப் பாத்திருக்காரு. கட்டைவிரல எச்சில் தொட்டு மூணு தடவ கீழ்ப்பக்கமா தேய்ச்சிருக்காரு. அந்த அகலம் தெளிவாத் தெரிஞ்சுது."

"எச்சிலா?" அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். "தண்ணி ஊத்திக் கழுவிட்டேன்னு சத்தியம் பண்ணாரே என்கிட்ட."

"தண்ணி இல்லம்மா. தண்ணின்னா ஓரம் வேற மாதிரி பரவும்."

அந்த அம்மா சிரித்தார். சிரித்துக்கொண்டே இருக்கும்போதே அழுகை வந்துவிட்டது. அவர் நிறுத்தினார். "நிறுத்தாதீங்க," என்றார் அந்த அம்மா.

"ரெண்டாவது புதுசு. இது அடியில நடுவுல, வட்டமா, நல்லா ஊறியிருந்துச்சு. இந்தத் தடவ வெடுக்குனு எடுக்கல. ரொம்ப நேரம் அப்படியே இருந்திருக்கு. படுத்துட்டு இருந்திருக்காரு, அதனால மையி கீழ எறங்காம உள்ளங்கை மாதிரி பரவியிருக்கு. அவருக்குத் தெரிஞ்சிருக்காது."

"அன்னிக்கு ஏதோ எழுதணும்னு பேனாவக் கேட்டாரு," என்றார் அந்த அம்மா. "குடுத்தேன். எழுதல. பையில சொருகிட்டுத் தூங்கிட்டாரு."

திரைக்குப் பின்னால் இயந்திரம் சுற்றி நின்றது.

"இத எழுதிக் குடுங்க," என்றார் அந்த அம்மா. "நீங்க சொன்னது எல்லாத்தையும். எனக்கு மறந்துடும்."

மேசையில் கிடந்த சீட்டுக் கட்டை எடுத்து, நின்றுகொண்டே, வெள்ளைப் பக்கத்தில் எழுதினார். ஒன்றில் அடங்கவில்லை. நாலு சீட்டு ஆயிற்று. எந்த மூலை, எவ்வளவு அகலம், வால் எந்தப் பக்கம், கட்டைவிரல் எத்தனை தடவை, எல்லாம். அழகாக எழுத வேண்டும் என்று நினைக்கவில்லை, விட்டுப் போகக் கூடாது என்று மட்டும் நினைத்தார். எழுதி முடித்ததும் பழக்கதோஷத்தில் குண்டூசியைத் தேடினார். அந்த அம்மா கையை நீட்டி வாங்கிக்கொண்டார்.

"நான் வீட்டுக்கு எடுத்துட்டுப் போயி வெச்சிருக்க மாட்டேன். இங்கயே படிச்சுடறேன்," என்றார். சொன்னதில் குத்தல் இருந்ததா இல்லையா என்று அவருக்குத் தெரியவில்லை.

நாலு சீட்டையும் நின்றுகொண்டே படித்தார். ஓர் இடத்தில் கையெழுத்துப் புரியாமல் கேட்டார், இவர் சொன்னார். பிறகு சட்டையை மடித்து, சீட்டுகளை மேலே வைத்து, கைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

"உங்க மேல கோபம் போகல," என்றார் அந்த அம்மா. "போகும்னும் தோணல. ஆனா நீங்க மறைக்கல, அது தெரியுது."

"சரிம்மா."

"இனிமே எங்க வீட்லேருந்து சட்டை எதுவும் வராது. இதான் கடைசி."

"தெரியும்மா."

"டீயை ஆறவிடாமக் குடிங்க," என்று சொல்லிவிட்டுத் திரும்பினார்.

அவர் முன்மேசைக்கு அந்தப் பக்கமே நின்றுகொண்டிருந்தார். அந்த அம்மா கண்ணாடிக் கதவைத் தள்ள வலது கையைத் தூக்கியபோது, ரவிக்கைக் கை ஓரத்தில் தேநீர்க் கறை தெரிந்தது. இன்று காலையில் பட்டதுதான். உடனே குளிர்ந்த தண்ணீர் பட்டால் தடயம் இல்லாமல் போய்விடும். சொல்ல வாயெடுத்தார். பிறகு, அது எப்படிப் பட்ட கறையோ, நமக்கென்ன தெரியும் என்று விட்டுவிட்டார்.